மூத்தவள் நிற்கும் பக்கம்

கண்ணைத் தேய்த்தால் சத்தம் வரும் என்பது இந்த வீட்டுக்கு வாழ வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். சும்மா ஒரு தரம் கசக்கினால் வராது. விரல் முட்டியை இமைமேல் வைத்து அழுத்திச் சுற்றிச் சுற்றித் தேய்த்தால் உள்ளேயிருந்து ஈரமாக ஒரு சத்தம் வரும், சேற்றில் கால் வைத்து எடுப்பது போல. ரம்யா அப்படித்தான் தேய்ப்பாள். எல்லோரும் புளி தட்டப் போன பிறகு, வீடு ஓய்ந்து கிடக்கிற நேரத்தில், உள்ளறையிலிருந்து அது கேட்கும்.

"ஏண்டி, கண்ணப் புடுங்கி எடுத்துடப் போறியா?" என்று அடுப்படியிலிருந்தே கத்துவேன். சத்தம் நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஆரம்பிக்கும்.

ரம்யா என் வயிற்றில் பிறந்தவள் இல்லை. என் புருஷன் ராஜவேலுவின் மூத்த தாரம் கன்னியம்மாள் பெற்றவள். அப்போது அஞ்சாவது படித்தாள். கன்னியம்மாள் செத்து மூன்று வருஷம் கழித்து என்னைக் கட்டி வைத்தார்கள். நானும் இந்த மலைக்காரிதான், ஜமுனாமரத்தூருக்கு அந்தப் பக்கத்து ஊர். திருப்பூர் பனியன் கம்பெனியில் மெஷினில் உட்கார்ந்தே வயசை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தவளுக்கு மாப்பிள்ளை என்ன வரிசையிலா நிற்பான். ரெண்டாந்தாரம் என்றார்கள், சரி என்றேன். என் தாலிக்கயிற்றில் கூடுதலாக ஒரு சின்னப் பொட்டைக் கோத்துக் கட்டினார்கள். மூத்தாள் பொட்டு என்பார்கள். செத்துப்போன மூத்தவளுக்கு மரியாதை, அவள் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக. ஆக, அவள் பங்கையும் கழுத்தில் சுமந்துகொண்டுதான் நான் சோறாக்கினேன், புருஷனோடு படுத்தேன், அவள் மகளுக்குத் தலை வாரினேன்.

கன்னியம்மாள் எங்கள் நிலத்துக் கிணற்றில் விழுந்து செத்தவள். சுற்றுச்சுவர் கிடையாது, தரையோடு தரையாக வாய் பிளந்து கிடக்கிற கிணறு. பொழுது சாய்கிற நேரத்தில் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தவள், கல்யாணமான நாளிலிருந்து நடந்து பழகின வழியில், நேராக நடந்து போய் உள்ளே விழுந்தாள். முனி அடித்துவிட்டது என்றார்கள். தானாகக் குதித்தாள் என்று என் காதுபடவே சிலர் சொன்னார்கள். எப்படியோ, சுமங்கலியாகப் போனவள் என்பதால் இந்த வீட்டுக்கு அவள் பூவாடைக்காரி, வீட்டுத் தெய்வம், ஆகிவிட்டாள். நல்லது கெட்டது எதுவானாலும் முதலில் அவளைக் கும்பிட்டு, அவளிடம் உத்தரவு வாங்க வேண்டும். உள்ளறை மூலையில் மஞ்சள் பூசின சொம்பு, அதன் மேல் பூ, பக்கத்தில் மடித்து வைத்த சிவப்புச் சேலை. வெள்ளிக்கிழமை தவறாமல் அங்கே சாம்பிராணி போடுவாள் என் நாத்தனார் மணியம்மாள். அவள் போட்டால் அறையில் எதிரே நிற்பவர் முகம் தெரியாது.

மணியம்மாள் புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். கன்னியம்மாளும் அவளும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். தாயில்லாப் பிள்ளையை இத்தனை நாள் கண்ணுக்குள் வைத்து வளர்த்ததும் அவள்தான். என்னை அவள் வேண்டாம் என்று சொன்னதில்லை. வேண்டும் என்றும் சொன்னதில்லை. நான் அந்த வீட்டில் ஒரு கூடுதல் பாத்திரம், அவ்வளவுதான்.

ரம்யா தூங்குவது அவள் அம்மாவின் பழைய நீலச் சேலையில். அதை யாரும் துவைக்கக் கூடாது, அம்மாவின் வாசனை போய்விடும். வாசனையாவது ஒன்றாவது, எனக்குத் தெரிந்து அதில் இருந்தது புழுதியும் புகையும் காய்ந்த பூவின் தூளும்தான். பிள்ளை அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடப்பாள். காலையில் எழுந்தால் இமைகள் வீங்கி, கண்ணிலிருந்து நூல் நூலாகப் பீளை வரும்.

பங்குனி பிறந்து புளி தட்டும் வேலை ஆரம்பித்ததும் அது முற்றிவிட்டது. ஊர் முழுக்கப் புளியோட்டுத் தூசி. பிள்ளை வெயிலைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்தபடியே நடந்தாள். பள்ளிக்கூடத்தில் போர்டு தெரியவில்லை என்று அழுதாள். மணியம்மாள் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். அந்தக் கமறலில் நாங்கள் எல்லோரும் இருமினோம், பிள்ளை கண்ணை இன்னும் வேகமாகத் தேய்த்தாள்.

ஒருநாள் நடுப்பகல், வீட்டில் நாங்கள் ரெண்டு பேர்தான். அந்தச் சத்தம் கேட்டதும் நேராக உள்ளே போய் அவள் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

"உடு சின்னம்மா" என்று திமிறினாள். "இன்னும் கொஞ்சம் தேச்சா அம்மா வந்துடும்."

"இன்னாடி சொல்ற?"

"அம்மா வரும். தேச்சாத்தான் வரும்."

கையை விட்டேன். ஏன் விட்டேன் என்று தெரியவில்லை. அவள் ஆசை தீரத் தேய்த்துவிட்டு, சிவந்து வீங்கின கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு எனக்குக் கொஞ்சம் வலது பக்கமாகப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"இதோ. உன்ன ஒட்டிக்கினு நிக்குது."

நான் திரும்பிப் பார்த்தேன். சுவரும் மூலையில் சொம்பும்தான் இருந்தன.

"மூஞ்சி தெரியுதா?" என்றேன்.

"வெள்ளையாத் தெரியுது. நீ கையத் தூக்கினா அதுவும் தூக்குது. நீ பேசினா அதுவும் வாயத் தொறக்குது."

"அப்ப என்ன மாதிரியே இருக்குதா?"

"இல்ல. உன்ன விட நல்லா இருக்குது."

வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை. பயந்தேன், சொல்ல வெட்கமில்லை. அதன்பிறகு எங்கே உட்கார்ந்தாலும் வலது பக்கம் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தேன். தண்ணீர் எடுக்கக் குனிந்தால் கூடவே இன்னொருத்தி குனிகிறாள் என்று தோன்றும். புருஷன் என் தோளில் கை வைத்தால், அவர் கை எந்தத் தோளில் படுகிறது என்று யோசிப்பேன். கிணற்றுப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

பள்ளிக்கூடத்துக்குக் கண் பார்க்கிறவர்கள் வந்தார்கள். ரம்யாவைப் பார்த்ததும் தாமதிக்காமல் வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். என் புருஷனிடம் சொன்னேன். "போய்ட்டு வா" என்றார். அவருக்கு வாயில் வருவது அவ்வளவுதான். மணியம்மாள் வேலையாகக் காட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பிள்ளையோடு பஸ் ஏறினேன். மலை இறங்குகிற வளைவுகளில் அவள் ரெண்டு தரம் வாந்தி எடுத்தாள். போளூரில் முகம் கழுவி வேறு பஸ் பிடித்து, கண்ணமங்கலம் தாண்டி, ஆஸ்பத்திரி போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது.

டாக்டர் பெயர் ராஜேஸ்வரி. என் வயசுதான் இருக்கும். பிள்ளையின் மேல் இமையை ஒரு குச்சியில் புரட்டி எனக்குக் காட்டினார். உள்பக்கம் கூழாங்கல் பரப்பினது போலக் கட்டி கட்டியாக இருந்தது.

"இது அலர்ஜிங்க. தூசி, புகை, பூந்தூள் எல்லாம் ஒத்துக்காம வர்றது. ஒவ்வொரு வாட்டி கண்ண மூடித் தொறக்கும்போதும் இந்தக் கட்டி கருவிழியைச் சொரண்டுது. அரிப்பு தாங்காம புள்ள தேய்க்கிறா. தேய்ச்சுத் தேய்ச்சு கருவிழி மெலிஞ்சு, கூம்பு மாதிரி முன்னால தள்ளிக்கினு வருது."

பிறகு ரம்யாவிடம் ஒரு விளக்கைக் காட்டி, "எத்தன லைட்டுடா தெரியுது?" என்றார்.

"ரெண்டு."

"ஆளப் பாத்தாலும் ரெண்டாத் தெரியுமா?"

ரம்யா என்னைப் பார்த்தாள். வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"தெரியும்ங்க" என்று டாக்டரே என்னிடம் சொன்னார். "கருவிழி கோணிப் போச்சுன்னா ஒரு கண்ணுலயே ஒண்ணுக்குப் பக்கத்துல இன்னொண்ணு வெளிறின மாதிரி தெரியும். தேய்ச்ச ஒடனே இன்னும் அதிகமாத் தெரியும்."

நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். மூச்சு விட முடிந்தது. என் பக்கத்தில் நின்றவள் நான்தான். கையைத் தூக்கினவளும் நான், வாயைத் திறந்தவளும் நான். என்னை விட நன்றாக இருந்தவளும் நானேதான்.

"இவளப் பெத்தவங்களுக்கும் இப்படி இருந்துச்சா?" என்றார். நான் தாயில்லை என்று முன்பே சொல்லியிருந்தேன்.

"எப்பவும் கண்ணுல தண்ணியோடதான் இருப்பாங்கன்னு சொல்லுவாங்க."

சொட்டு மருந்து கொடுத்தார். எதை எப்போது ஊற்ற வேண்டும், எதை அவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது, கடையில் தானாக வாங்கிப் போட்டால் என்ன ஆகும் என்று பொறுமையாகச் சொன்னார். புகை ஆகாது, துவைக்காத துணி ஆகாது, கை கண்ணுக்குப் போகவே கூடாது. "கருவிழியில வெள்ளையா எதனா தெரிஞ்சுதுன்னா, வலியில கண்ணத் தொறக்க முடியலன்னா, அன்னிக்கே வந்துடணும். நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருந்தா கண்ணு போய்டும்ங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம் நீலச் சேலையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டதுதான். மருந்தை விட அதுதான் முக்கியம் என்று பட்டது. கொடியில் அது சொட்டச் சொட்டத் தொங்கும்போது மணியம்மாள் வந்துவிட்டாள்.

அவள் கத்தவில்லை. சேலையின் ஓரத்தைப் பிடித்து மூக்கில் வைத்து முகர்ந்தாள். அவள் கண் நிறைந்தது.

"மூத்தவ பொட்டக் கழுத்துல கட்டிக்கினு, அவ வாசனையக் கழுவி ஊத்திட்டியே பாஞ்சாலி."

"அண்ணி, டாக்டரு சொன்னாங்க. புள்ளக்கு அந்தத் தூசி..."

"அவ கட்டுன சேல உனக்குத் தூசியா?"

அதற்குமேல் என்ன சொன்னாலும் ஏறவில்லை. இன்னொருத்தி வாயிலிருந்து வந்திருந்தால் அது வைத்தியம். என் வாயிலிருந்து வந்ததால் அது பொறாமை. பெற்ற தாய் பிள்ளையைப் பார்க்க வருகிறாள், அதைப் பொறுக்காமல் சித்திக்காரி மருந்து ஊற்றி விரட்டப் பார்க்கிறாள் என்று ஊரில் பேச்சானது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி ரெண்டு மடங்கானது. சொட்டு மருந்து பாட்டில்களை மணியம்மாள் பரண்மேல் ஏற்றினாள், நான் இறக்கினேன், மறுபடி ஏற்றினாள். என் புருஷன் நல்ல மனுஷன். ரெண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். நல்ல மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது, ஊறுகாயா போட முடியும்.

அதையெல்லாம் கூடத் தாங்கியிருப்பேன். ரம்யாவைத்தான் தாங்க முடியவில்லை. "அது அம்மா இல்லடி. என் நெழலுதான் உன் கண்ணுக்கு அப்டித் தெரியுது" என்று பக்குவமாகத்தான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

"பொய்யி. அம்மாவ வெரட்டறதுக்குச் சொல்ற."

அன்றிலிருந்து அவள் என் எதிரில் தேய்ப்பதில்லை. போர்வைக்குள், மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், பள்ளிக்கூடத்துக் கக்கூஸில் தேய்த்தாள். எந்த மருந்து அதை நிறுத்தும்? அரிப்புக்காகத் தேய்த்தால் மருந்து ஊற்றலாம். அம்மாவுக்காகத் தேய்ப்பவளை என்ன செய்ய.

சித்திரையில் ஒரு விடியற்காலை அலறல் கேட்டு ஓடினேன். ரம்யா வலது கண்ணைப் பொத்திக்கொண்டு தரையில் சுருண்டு கிடந்தாள். விரலை விலக்கி இமையைத் தூக்கிப் பார்த்தேன். கருவிழியின் மேல்பாதியில் அரிசி நொய் அளவுக்கு வெள்ளை.

"பஸ்ஸுக்குக் கெளம்பணும். இப்பவே" என்றேன் புருஷனிடம்.

அவர் அக்காவைப் பார்த்தார். மணியம்மாள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். அவள் அழுகை பொய்யில்லை. "கண்ணுல பூ உழுந்துடுச்சே. உத்தரவு இல்லாம கூட்டிக்கினு போனதுக்குத்தான் அவ கோவப்பட்டுட்டா. இன்னிக்கி அவள அழைச்சு உத்தரவு வாங்காம புள்ள ஊரு எல்ல தாண்டக் கூடாது ராஜவேலு."

"சரிக்கா" என்றார் அவர்.

பூவாடைக்காரியை அவள் போன தண்ணீரில்தான் போய் அழைக்க வேண்டும். எல்லோரும் கிணற்றுக்குப் போனோம். அந்தப் பக்கமே போகாதிருந்த நானும் போனேன். தண்ணீர் இறைத்துச் சொம்பு நிரப்பி, வேப்பிலை செருகி, சிவப்புச் சேலையைச் சுற்றி, பூ வைத்து, கிணற்று ஓரத்தில் வைத்தார்கள். பக்கத்தில் பிள்ளையை உட்கார வைத்து ஒரு சட்டி நிறைய நெருப்பில் சாம்பிராணியைக் கொட்டினார்கள். பிள்ளை முட்டிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு முனகினாள். பங்காளி வீட்டுக்காரர்கள் பத்துப் பேர் சுற்றி நின்றார்கள்.

யார்மேலாவது அவள் இறங்கி வாய் திறந்து சொன்னால்தான் உத்தரவு. எப்போதும் மணியம்மாள் மேல்தான் வருவாள். அன்று மணியம்மாள் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றாள். "வாடியம்மா, வந்து ஒரு வார்த்த சொல்லு" என்று கெஞ்சினாள். உடம்பு ஆடவில்லை. வராததை வந்ததாகச் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. அவளிடம் எனக்குப் பிடித்ததும் அதுதான், அன்றைக்கு வயிற்றெரிச்சலாக இருந்ததும் அதுதான். வெயில் ஏறிக்கொண்டே போனது. காலை பஸ் போயிருக்கும். அடுத்ததும் போய்விட்டால் அன்றைக்கு வேலூர் இல்லை. பிள்ளையின் முனகல் மெலிந்துகொண்டே வந்தது. பாஞ்சாலி சொன்னால் இங்கே ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்காது.

அதனால் நான் கொண்டையை அவிழ்த்தேன்.

நடிப்புதான். அதில் ஒளிவுமறைவு இல்லை. எத்தனை பேர் ஆடிப் பார்த்திருக்கிறேன். தலையைச் சுழற்றினேன், பல்லைக் கடித்தேன், வயிற்றிலிருந்து ஒரு கத்தல் கத்தினேன். எல்லோரும் ரெண்டடி பின்னால் போனார்கள்.

"யாரு வந்து நிக்கறது? பேரச் சொல்லு" என்றாள் மணியம்மாள்.

"கன்னியம்மா."

"எங்க வூட்டு மகராசி, இன்னா கொற வெச்சோம்? சொல்லு தாயி."

"எம் புள்ள கண்ணுல பொகையப் போட்டு எரிக்கிறீங்களே. அந்த நெருப்ப மொதல்ல அணைங்க. எம் புள்ளய வைத்தியத்துக்கு அனுப்புங்க. மருந்த எடுத்துப் பரண்ல வெக்கறது யாரு?"

மணியம்மாள் அப்படியே மண்ணில் விழுந்தாள். யாரோ சட்டியில் தண்ணீரை ஊற்றினார்கள். அதோடு முடித்துக்கொண்டு மயங்கி விழுவதாகத்தான் என் திட்டம். ஆனால் வாய் நிற்கவில்லை. ஏற்கனவே கத்தின கத்தலில் குரல் உடைந்து, தாழ்ந்து, வேறு யாருடையதோ போல் வந்தது.

"எனக்கும் இப்டித்தான் இருந்துச்சு. ஒண்ணு ரெண்டாத் தெரிஞ்சுது. மாடு ரெண்டு, வெளக்கு ரெண்டு. அன்னிக்கிக் கெணறும் ரெண்டாத் தெரிஞ்சுது. நான் குதிக்கல. எது கெணறு, எது நெழலுன்னு தெரியாம கால வெச்சேன்."

என் புருஷன் முன்னால் வந்து என் காலடியில் உட்கார்ந்தார். கூட்டம் முழுக்க இருப்பதை மறந்து, என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, இதுவரை நான் கேட்டிராத குரலில் பேசினார்.

"நீ சொன்ன கன்னி. கெணறு ரெண்டாத் தெரியுதுன்னு எங்கிட்ட நீ சொன்ன. நான்தான் சிரிச்சுட்டேன்."

டாக்டர் சொன்னதை வைத்து நானாகச் சேர்த்துச் சொன்னதா, வேறு எங்கிருந்தாவது வந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னைச் சமாதானம் செய்துகொள்ள முதலாவதைத்தான் நம்புகிறேன். பகலில் அது நம்பும்படி இருக்கிறது.

பால் வண்டியை நிறுத்தி ஏறி, அடுத்த பஸ்ஸைப் பிடித்தோம். இந்தத் தரம் மணியம்மாளும் கூட வந்தாள். டாக்டர் ராஜேஸ்வரி அன்றைக்கே அந்த வெள்ளையைச் சுரண்டி எடுத்துக் கண்ணைக் கட்டினார். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கண் போயிருக்கும் என்றார். புண் ஆறி, மேல்பக்கம் ஒரு மங்கலான தழும்போடு நின்றது. பார்வை பிழைத்தது. அரிப்பு அடங்கின பிறகு, மருந்தை ஊற்றி ஒருவித வெளிச்சம் காட்டி, மெலிந்த கருவிழியை இறுக்குகிற சிகிச்சையும் செய்தார்கள். "இனிமே மெலியாம இருக்கறது இவ கையிலதாங்க இருக்கு. தேய்க்காம பாத்துக்குங்க. மறுபடி தேய்ச்சா நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

வீடு மாறிவிட்டது. சாம்பிராணி நின்றது. ஊதுவத்திகூட இல்லை, பூவும் விளக்கும் மட்டும். மணியம்மாளே நேரம் தவறாமல் சொட்டு மருந்து ஊற்றினாள். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். சாப்பிடும்போது எனக்கு முதலில் போட்டாள். என் புருஷன் என் எதிரில் கால் நீட்டுவதில்லை, சில நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நான் திரும்பினால் தலையைக் குனிந்துகொள்வார். ஒருநாள் சமையலில் உப்பு அதிகமாகிவிட்டது. ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும் தெரியுமா.

ரம்யா மட்டும்தான் எனக்கு ஆறுதல். கண் கட்டைப் பிரித்த நாளிலிருந்து அவள் தேய்க்கவே இல்லை. என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிந்தாள். சாப்பாட்டை ஊட்டச் சொன்னாள். என்னை "அம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தாள். முதல் தரம் கேட்டபோது குடத்தை இறக்கி வைத்துவிட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போய் அழுதேன். என்னைக் கேட்டால், பெற்றிருந்தால்கூட அப்படி அழுதிருக்க மாட்டேன்.

தை மாதம், கருவிழிமேல் வைக்கிற கெட்டி லென்ஸ் கொடுக்க வரச் சொல்லியிருந்தார்கள். நானும் ரம்யாவும் மட்டும் போனோம். லென்ஸை வைத்ததும் பிள்ளை டாக்டர் அறையில் இருந்த எழுத்துகளையெல்லாம் கடகடவென்று படித்தாள். கடைசி வரியையும் படித்தாள். டாக்டர் அவள் முதுகில் தட்டினார், எனக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

திரும்பும்போது ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். பஸ் மலை ஏறியது. இலை தனித்தனியாகத் தெரிகிறது என்றாள். தூரத்தில் ஒருத்தன் மேய்க்கிற ஆடுகளை எண்ணினாள். ஒரு வளைவில் வெயில் என் முகத்தில் அடித்தது. அப்போது என் பக்கம் திரும்பினாள்.

வெகுநேரம் பார்த்தாள். என் முகத்தை, பிறகு எனக்கு வலது பக்கம், பிறகு மறுபடி என் முகத்தை. அவள் முகத்திலிருந்து சிரிப்பு மெதுவாக இறங்கியது.

"ஒருத்தர்தான் தெரியறாங்க" என்றாள்.

"ஆமாண்டி. லென்ஸ் போட்டா ஒண்ணு ஒண்ணாத்தான் தெரியும்."

"அம்மா எங்க?"

எனக்குப் புரியவில்லை. அம்மா, அம்மா என்று இத்தனை மாசம் கூப்பிட்டது என்னைத்தானே. அவள் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், பூட்டின கதவைத் தட்டிப் பார்க்கிற மாதிரி.

"கெணத்தாண்ட வந்தாங்களே. உனுக்குள்ளதான இருந்தாங்க. போய்ட்டாங்களா? இப்ப சின்னம்மாதான் இருக்கறாங்களா?"

அவள் வலது கை விரல்களை மடக்கியது. மெதுவாகக் கண்ணை நோக்கி எழுந்தது. உள்ளே லென்ஸ், அதற்கு அடியில் இப்போதுதான் இறுகத் தொடங்கியிருக்கும் மெல்லிய விழி. கையைப் பிடித்து நிறுத்தலாம், இன்றைக்கு நிறுத்தலாம். நாளைக்குப் போர்வைக்குள் யார் நிறுத்துவது. நான்தான்டி உனக்கு மருந்து ஊற்றினேன், நான்தான்டி உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், நான் பாஞ்சாலி என்று சொல்ல நெஞ்சு துடித்தது. முட்டி இமையைத் தொட்டுவிட்டது.

"எங்கியும் போகல கண்ணு" என்றேன். அந்தத் தாழ்ந்த குரல் கூப்பிடாமலே வந்தது. "நான்தான். அம்மாதான் இருக்கறேன்."

கை நின்றது.

"நெசமா?"

"நெசமா."

"இனிமே போவ மாட்டியே?"

"மாட்டேன்."

கையை மடியில் இறக்கி வைத்துக்கொண்டாள். என் தோளில் சாய்ந்தாள். பஸ் இன்னும் ரெண்டு வளைவு ஏறியது. நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன், அழுதால் தெரிந்துவிடும்.

"அப்ப சின்னம்மா?" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

"போய்ட்டாங்க."

"திரும்பி வருவாங்களா?"

"வர மாட்டாங்க."

அவள் யோசித்தாள். பிறகு தூக்கம் கலந்த குரலில், "பாவம்மா. நல்லவங்க" என்றாள்.

"ஆமா கண்ணு. நல்லவங்கதான்" என்றேன்.